300 டாலர் பிஸ்டல்: எதை வாங்குவது, மீதிப் பணத்தை எதில் போடுவது?

கேள்வி: ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் பெட்ரோல் பங்கோடு சேர்ந்த சிறிய கடை நடத்துகிறேன். வயது 41, கிரீன் கார்டு இருக்கிறது. இரவு 11 மணிக்குக் கடையைப் பூட்டி, அன்றைய வசூலோடு தனியாகக் கார் வரை நடக்க வேண்டும். பக்கத்துக் கடையில் கொள்ளை நடந்ததிலிருந்து மனைவிக்குத் தூக்கமே இல்லை. சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்றிருக்கிறேன். எல்லாம் சேர்த்து 600 டாலர் வரை முடியும். பேன்ட் பாக்கெட்டில் அடங்கும் குட்டி .380 பிஸ்டல் (.380 என்பது தோட்டா அளவு) போதும் என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர் தன் பழைய டாரஸ் பிஸ்டலை 150 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். எச்-1பி விசாவில் இருக்கும் மைத்துனரும் என்னோடு சுடப் பழக ஆசைப்படுகிறார். நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. வீட்டில் 9, 5 வயதில் இரண்டு குழந்தைகள். பகலில் மனைவிதான் கடையில் நிற்பார். கவுண்டருக்கு அடியில் ஒன்றை வைக்கலாமா?

பதில்: மைத்துனர் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். மற்ற எதில் தவறினாலும் சரிசெய்துகொள்ளலாம், இதில் முடியாது. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கைவசம் வைத்திருப்பதையே அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடத்தில்) உங்கள் பிஸ்டலை வாங்கி நாலு ரவுண்டு சுடுவதும் அதில் சேரும். தண்டனை 15 ஆண்டு வரை சிறை. தெரிந்தே அவர் கையில் கொடுக்கும் உங்களுக்கும் அதே. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் அது தனக்குப் பொருந்துமா என்பதை அவர் வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும், நண்பர்களிடம் அல்ல. அதுவரை அவர் ரேஞ்சுக்கே வர வேண்டாம். அவருக்காக உங்கள் பெயரில் ஒன்று வாங்குவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். தடை உள்ள ஒருவருக்காகத் தன் பெயரில் துப்பாக்கி வாங்குவது 2022 முதல் தனிக் குற்றம். கிரீன் கார்டும் போய்விடலாம்.

உங்களுக்கு அந்தத் தடை இல்லை. கிரீன் கார்டு, தற்போதைய முகவரி உள்ள டெக்சஸ் ஓட்டுநர் உரிமம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனால், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். அதில் யு.எஸ்.சி.ஐ.எஸ். (குடியேற்றத் துறை) எண் கேட்பார்கள், கார்டில் உள்ளதை அப்படியே பார்த்து எழுதுங்கள். வீடு மாறி, உரிமத்தில் பழைய முகவரியே இருந்தால், புதிய முகவரி உள்ள கார் பதிவுச் சான்று போன்ற அரசு ஆவணம் ஒன்றும் வேண்டும். பின்னணிச் சோதனையில் 'தாமதம்' என்று பதில் வந்தால் பதற வேண்டாம். அது மறுப்பு ஆகாது, பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும்.

இனி துப்பாக்கி. குட்டி .380 என்பது நண்பர் அக்கறையோடு சொன்னதுதான், ஆனால் முதல் துப்பாக்கியாக அது வேண்டாம். ரூகர் எல்.சி.பி. மேக்ஸ் போன்றவற்றின் எடை 300 கிராம்தான். பாக்கெட்டில் இருப்பதே தெரியாது. சுடும்போதுதான் தெரியும். எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கையில் அதிகமாக இறங்கும். கைப்பிடி இரண்டு, இரண்டரை விரலுக்குத்தான் இடம் தருவதால், ஒவ்வொரு ரவுண்டுக்குப் பிறகும் பிடி நழுவி, மறுபடி பிடித்துக் குறிபார்க்க வேண்டியிருக்கும். குழல் குட்டை என்பதால் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி குறைவு. குறியில் முடியளவு விலகினாலும் இலக்கில் பல அங்குலம் விலகும். அனுபவசாலிகளுக்கே அதைச் சுடுவது சிரமம். புதியவர் ஒரு பெட்டி சுட்டதும் உள்ளங்கை வலித்து, அடுத்த மாதம் ரேஞ்சுக்குப் போகாமலே விட்டுவிடுவார். போதாததற்கு .380 தோட்டா 9 எம்.எம்.மைவிட வலிமை குறைந்தது, விலையும் அதிகம்.

ஐந்து ரவுண்டு குட்டி ரிவால்வர் வாங்கச் சொல்பவர்களும் வருவார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 நல்ல துப்பாக்கி. ஆனால் அதன் டிரிகரை 12 பவுண்டு அளவுக்கு அழுத்தி இழுக்க வேண்டும். அந்த இழுப்பில் குழல் அசையாமல் இருக்கப் பல மாதப் பழக்கம் தேவை. விலையும் உங்கள் கணக்குக்கு மேல்.

உங்களுக்குப் பொருந்துவது 9 எம்.எம்., 3 முதல் 4 அங்குலக் குழல், 500 முதல் 700 கிராம் எடை, மூன்று விரலும் ஊன்றிப் பிடிக்கக்கூடிய கைப்பிடி உள்ள பிஸ்டல். 9 எம்.எம். சிறிதென்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். .40 தோட்டாவுக்குப் போயிருந்த எஃப்.பி.ஐ.யே 9 எம்.எம்.முக்குத் திரும்பிவிட்டது. இந்த வகையில் குறைந்த விலைக்குக் கிடைப்பவற்றில் என் முதல் தேர்வு டாரஸ் ஜி3சி. 12 ரவுண்டு மேகசின் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி), சுமார் 620 கிராம், 250 முதல் 300 டாலர். டிரிகரின் நீள இழுப்பு நளினமாக இருக்காது, ஆனால் பழகிவிடும். கட்டைவிரல் சேஃப்டி உள்ளதும் இல்லாததும் இரண்டும் வருகின்றன. எதை எடுத்தாலும் அதிலேயே பழகுங்கள். பெட்டியில் எத்தனை மேகசின் வருகிறது என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது மேகசின் இல்லாவிட்டால் அதற்குத் தனியே 25, 30 டாலர் ஆகும்.

இன்னும் 130, 150 டாலர் போட முடிந்தால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி ஷீல்ட் பிளஸ். 2021இல் வந்தது, மெல்லிய உடம்பு, 10 ரவுண்டு சிறிய மேகசினும் 13 ரவுண்டு நீள மேகசினும் பொருந்தும். டிரிகர் ஜி3சியைவிடத் தெளிவாக இருப்பதால் புதியவர்களின் குண்டுகள் நெருக்கமாக விழும். அதே பணத்தில் கைமாறிய துப்பாக்கி வேண்டுமென்றால், காவல்துறைகள் புதிது வாங்கும்போது கடைகளுக்கு விற்றுவிடும் பழைய எம் அண்ட் பி, கிளாக் பிஸ்டல்களைத் தேடுங்கள். ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) உரசி வெளிப்பூச்சு தேய்ந்திருக்கும், ஆனால் பெரும்பாலும் அதிகம் சுடப்பட்டிருக்காது. தோட்டா அளவை மட்டும் பார்த்து வாங்குங்கள், இவற்றில் பல .40.

ஹை-பாயின்ட் சி9 சுமார் 200 டாலருக்குக் கிடைக்கும். சுடும், நம்பலாம். ஆனால் 820 கிராம் எடையும் தடித்த ஸ்லைடும் (குழலுக்கு மேல் முன்பின் ஓடும் பகுதி) கொண்ட அதை டெக்சஸ் வெயிலில் மெல்லிய சட்டைக்குள் நாள் முழுவதும் வைத்திருக்க முடியாது; ஒரு வாரத்தில் டிராயருக்குப் போய்விடும்.

நண்பரின் 150 டாலர் டாரஸைத் தொடுவதற்கு முன் அதன் மாடல் பெயரை வாசியுங்கள். பழைய பி.டி. 111 மில்லேனியம், பி.டி. 140, 24/7 முதலான ஒன்பது மாடல்கள் கீழே விழுந்தால் தானாகச் சுடக்கூடும் என்று அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு, 2015-16 காலத்தில் சமரசத்தில் முடிந்தது. சுமார் 10 லட்சம் பிஸ்டல்கள் சம்பந்தப்பட்டவை. அந்த வரிசையில் ஒன்றாக இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஜி2சி, ஜி3சி அதற்குப் பிறகு வந்த வேறு வடிவமைப்புகள், இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எந்தக் கம்பெனியானாலும் கைமாறிய பிஸ்டலுக்கு இதே விசாரணை தேவை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 9 எம்.எம். ஷீல்ட் ஈ.இஸட். மாடலில் 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை செய்யப்பட்டவை சுத்தியல் கோளாறுக்காகத் திரும்பப் பெறப்பட்டன. தொடர் எண்ணைத் தயாரிப்பாளரிடம் சொன்னால், அது திருத்தப்பட்டதா என்று சொல்லிவிடுவார்கள். இன்னொன்று: டெக்சஸில் ஒரே மாநிலத்தவர் இருவர் தங்களுக்குள் விற்பதற்குப் பின்னணிச் சோதனை கட்டாயமில்லை. இருந்தாலும் கடை வழியாகவே மாற்றிக்கொள்ளுங்கள். 25, 30 டாலர் செலவில் வாங்கிய தேதிக்கு ஆதாரம் கிடைக்கிறது.

பணக் கணக்கு இப்படி வரும். பிஸ்டல் 280, வரியோடு ஏறக்குறைய 303. ஹோல்ஸ்டர் 50. விறைப்பான பெல்ட் 40. பயிற்சித் தோட்டா 200 ரவுண்டு 60. ஹாலோ பாயின்ட் (முனையில் குழிவுள்ள தற்காப்புத் தோட்டா) 50 ரவுண்டு 40. பூட்டுப் பெட்டி 60. காது, கண் பாதுகாப்பு 30. மொத்தம் 583. துப்பாக்கிக்கே 600ஐயும் கொடுத்துவிட்டு, 15 டாலர் துணி உறையில் அதைத் திணிப்பவர்கள் நிறைய. அந்த உறையில்தான் ஆபத்து. துணி உறை டிரிகரை மூடியதுபோலத் தெரியும், ஆனால் வெளியிலிருந்து அழுத்தினால் துணி வளைந்து டிரிகரையே அழுத்தும். துப்பாக்கியை எடுத்ததும் வாய் மூடிக்கொள்வதால், திரும்ப வைக்க இன்னொரு கை தேவைப்படும், அந்தக் கை குழலுக்கு முன்னால் வரும்.

ஆகவே கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில், உங்கள் மாடலுக்கென்றே வார்த்த ஹோல்ஸ்டர் வாங்குங்கள். வாங்கியதும் சோதியுங்கள்: காலித் துப்பாக்கியைச் செருகி, வெளியிலிருந்து எங்கே அழுத்தினாலும் டிரிகர் அசையக் கூடாது. தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் துப்பாக்கி விழக் கூடாது. எடுத்த பிறகும் வாய் விரிந்தே இருக்க வேண்டும். பெல்ட் ஒன்றரை அங்குல அகலத்தில், துவளாததாக இருக்கட்டும். சாதாரண அலுவலக பெல்ட்டில் துப்பாக்கி வெளிப்பக்கம் சாய்ந்து, குனிந்தால் சட்டையில் அதன் உருவம் தெரியும். இடுப்பில் வலப்பக்கம், எலும்புக்குச் சற்றுப் பின்னால் வைத்துப் பாருங்கள். வயிற்றுக்கு முன்பக்கம் வைப்பது மறைக்க எளிது, எடுக்கவும் வேகம், ஆனால் குழல் உங்கள் தொடையையே பார்த்து நிற்கும்; முதல் வருடம் அது வேண்டாம்.

தவறிச் சுடும் விபத்துகளில் பல, துப்பாக்கியை எடுக்கும்போது நடப்பவை அல்ல, திரும்ப உறையில் வைக்கும்போது நடப்பவை. சட்டை நுனியோ, ஜாக்கெட் கயிற்றின் பிளாஸ்டிக் முனையோ டிரிகர் வளையத்துக்குள் சிக்கிக்கொள்ளும். கை உள்ளே தள்ளும், சிக்கியது டிரிகரை இழுத்துவிடும். வைக்கும்போது அவசரம் என்ற ஒன்று கிடையாது. சட்டையை இடது கையால் மார்பு வரை தூக்கிப் பிடித்து, ஹோல்ஸ்டர் வாயைக் கண்ணால் பார்த்து, ஆட்காட்டி விரலை ஸ்லைடின் பக்கவாட்டில் நீட்டி வைத்து, மெதுவாக இறக்குங்கள். இடையில் எதுவோ தடுப்பதுபோல் இருந்தால் அழுத்தாமல் வெளியே எடுத்துப் பாருங்கள்.

வாங்கும் முன் ஒரு நாள் ரேஞ்சுக்குப் போய் ஜி3சி, ஷீல்ட் பிளஸ் இரண்டையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். அன்றே பயிற்சியாளர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். மனைவியும் கூட வரட்டும். ஸ்லைடை இழுக்க முடியவில்லை என்று பல பெண்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். பலமுறை காரணம் வலுவின்மை அல்ல, முறைதான். துப்பாக்கியை வயிற்றருகே கொண்டுவந்து, குழல் பாதுகாப்பான திசையைப் பார்க்க, இடது கையின் நாலு விரலும் உள்ளங்கையும் ஸ்லைடின் மேல் கவ்வ, வலது கை கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும். இழுப்பதைவிடத் தள்ளுவது எளிது. அப்படியும் முடியாவிட்டால் மேலே சொன்ன ஷீல்ட் ஈ.இஸட். இதற்கென்றே மெல்லிய ஸ்பிரிங்கோடு செய்யப்பட்டது.

புதுப் பிஸ்டலைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் சுட வேண்டாம். கையேட்டைப் பார்த்துப் பிரித்து, தொழிற்சாலை எண்ணெயைத் துடைத்து, ஸ்லைடு ஓடும் தடங்களில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பிறகு 200 சாதாரண ரவுண்டு, எல்லா மேகசின்களையும் மாற்றி மாற்றி. சிக்கல் வரும்போது அதன் வகையைக் குறித்துக்கொள்ளுங்கள், காரணம் அதிலேயே இருக்கும். சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியேறாமல் புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நின்றால், பெரும்பாலும் மணிக்கட்டு தளர்ந்திருக்கிறது. எடை குறைந்த பிஸ்டலில் கை பின்னால் போய்விட்டால் ஸ்லைடு முழுதும் ஓடாது. ஸ்லைடு முன்னால் வந்து ஒரு மில்லிமீட்டர் மூடாமல் நின்றால் எண்ணெய் போதவில்லை, அல்லது அழுக்கு. கடைசி ரவுண்டுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்காவிட்டால் பெரும்பாலும் உங்கள் கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப்பின் (ஸ்லைடைத் திறந்து நிறுத்தும் நெம்புகோலின்) மேல் இருக்கிறது. தோட்டாவின் மூக்கு கீழ்நோக்கிக் குத்தி நிற்பது எப்போதும் ஒரே மேகசினில் என்றால் மேகசின்தான் குற்றவாளி; அதற்காகவே மேகசின்களின் அடியில் மார்க்கரால் எண் எழுதச் சொல்கிறேன்.

அடுத்து நீங்கள் வைத்திருக்கப் போகும் ஹாலோ பாயின்ட் 50ஐயும் சுடுங்கள். காசு கரைகிறதே என்று இதைத் தவிர்க்காதீர்கள். அதன் முனை தட்டையானது, சில பிஸ்டல்களின் சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) வாயில் தட்டி நிற்கும். தடங்கல் இல்லாமல் ஓடிய பிராண்டையே மறுபடி ஒரு பெட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் (அது மேலே சொன்ன 583இல் சேரவில்லை). ஃபெடரல் எச்.எஸ்.டி., ஸ்பியர் கோல்ட் டாட் இரண்டும் பல காவல்துறைகள் பயன்படுத்துபவை. கடையில் சாதாரண எஃப்.எம்.ஜே. (குழிவில்லாத, உலோக உறையிட்ட பயிற்சித் தோட்டா) வைத்துக்கொண்டு நிற்பது தவறு. அது உடலைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவர் மேலும் பாயும், அந்தப் பக்கம் பெட்ரோல் போட வந்தவர்கள் நிற்கிறார்கள். தினமும் இறக்கி ஏற்றும்போது ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் முட்டி முட்டிக் குண்டு கூட்டுக்குள் அமுங்கும், அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். பக்கத்தில் புதுத் தோட்டாவை வைத்து உயரத்தை ஒப்பிட்டால் அமுங்கியது கண்ணுக்கே தெரியும், அதை ஒதுக்கிவிடுங்கள்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதி உள்ள 21 வயதுக்கு மேற்பட்டவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் எல்.டி.சி. என்ற மாநில உரிமத்தை வாங்கிவிடுங்கள். கட்டணம் 40 டாலர், வகுப்பு 4 முதல் 6 மணி நேரம். பள்ளியிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியோடு நடப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. மாநில உரிமம் உள்ளவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. பிள்ளைகளைப் பள்ளியில் விடுபவருக்கு இது பெரிய விஷயம். பள்ளிக் கட்டடத்துக்குள் உரிமம் இருந்தாலும் அனுமதி இல்லை என்பதை மறக்க வேண்டாம். தேர்வில் 3, 7, 15 கஜத்திலிருந்து 50 ரவுண்டு. 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அந்த மதிப்பெண் வந்துவிட்டதென்று பழகுவதை நிறுத்தாதீர்கள். 7 கஜத்தில் ஐந்து ரவுண்டும் ஆறு அங்குல வட்டத்துக்குள் ஒவ்வொரு முறையும் விழும்வரை கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். மாதம் ஒரு பெட்டி 50 ரவுண்டு, வாரம் மூன்று முறை வீட்டில் பத்து நிமிடம் காலித் துப்பாக்கியில் டிரிகர் பயிற்சி, தோட்டா வேறு அறையில்.

வாசல் பலகைகளைப் படிக்கப் பழகுங்கள். அவற்றில் உள்ள எண்கள், துப்பாக்கியோடு நுழைவதைத் தடுக்கும் டெக்சஸ் சட்டப் பிரிவுகள்: 30.05 உரிமம் இல்லாதவர்களுக்கு, 30.06 மறைத்து வைத்திருக்கும் உரிமதாரருக்கு, 30.07 வெளியே தெரிய வைத்திருக்கும் உரிமதாரருக்கு. சிவப்பில் 51 சதவீதப் பலகை இருந்தால் அது மதுக்கூடம், துப்பாக்கியோடு உள்ளே போகவே கூடாது. கோயிலுக்கு வேட்டியிலோ குர்தாவிலோ போகும் நாளில் துப்பாக்கி வீட்டிலேயே பூட்டில் இருக்கட்டும். பெல்ட் இல்லாத உடையில் ஹோல்ஸ்டர் நிற்காது. காரில் விட்டுப் போவதும் சரியில்லை. திருட்டுப்போகும் துப்பாக்கிகளில் ஏராளமானவை கார்களிலிருந்துதான் போகின்றன.

கொள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. துப்பாக்கிக்கு முன்னால் கடையில் செய்ய வேண்டியது, மேலிருந்து பணம் போட மட்டுமே முடிகிற டிராப் சேஃப். வசூலைப் பகலில், ஒவ்வொரு நாளும் வேறு நேரத்தில் வங்கிக்குக் கொண்டுபோனால், இரவு 11 மணிக்கு உங்கள் கையில் எடுக்க ஒன்றும் இருக்காது. மூடும் நேரத்தில் முடிந்தவரை இரண்டு பேர் இருங்கள். யாராவது ஆயுதத்தைக் காட்டிப் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து, தப்ப வேறு வழியில்லை என்னும்போதுதான் துப்பாக்கி. பணத்தோடு ஓடுகிறவரின் முதுகில் சுட்டவர்கள், சட்டத்தில் எங்கோ இடமிருக்கிறது என்று நம்பி, வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி முன்னால் நிற்கிறார்கள்.

கவுண்டருக்கு அடியில் வைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். பகலில் அந்த டிராயரை மனைவியைத் தவிர வேலைக்கு இருப்பவரும் திறப்பார், பள்ளி விட்டு வந்த குழந்தையும் திறக்கும். அவர்களில் எவருக்கு விசாத் தடை, பழைய வழக்கு என்று உங்களுக்குத் தெரியாது. கொள்ளைக்காரன் கவுண்டருக்குள் வந்துவிட்டால் அது அவன் கைக்கும் போகும். துப்பாக்கி உரியவரின் இடுப்பில் இருக்க வேண்டும், அல்லது பூட்டில் இருக்க வேண்டும். மனைவி எடுத்துச் செல்ல விரும்பினால், அவரும் தனியாகப் பயிற்சி எடுத்து, அவருக்கென்று ஹோல்ஸ்டரோடு ஒன்று வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டிலும் அதே. கவனக்குறைவாக வைத்த, தோட்டா ஏற்றிய துப்பாக்கி 17 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் கைக்கு எட்டிவிட்டால், அது வைத்தவர் மேல் டெக்சஸில் குற்றம், 9 வயதுப் பிள்ளைக்கு எட்டாத அலமாரி என்று ஒன்று வீட்டில் கிடையாது. 60 டாலர் பெட்டியில் கைரேகைப் பூட்டு வேண்டாம். யார் விரல் வைத்தாலும் திறந்ததால் 2023இல் ஒரு தயாரிப்பே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பொத்தான்களை அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டுள்ளதை வாங்கி, உள்ளிருந்து திருகாணி போட்டுக் கட்டிலின் சட்டத்திலோ அலமாரியின் அடிப்பலகையிலோ பொருத்துங்கள். எண்ணை நீங்கள் அழுத்தும்போது பிள்ளைகள் அறையில் இருக்கக் கூடாது. வீட்டில் யாராவது மனம் உடைந்து, வாழ்வே வேண்டாம் என்ற பேச்சில் இருந்தால், அன்றே துப்பாக்கியை வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோய்விடுங்கள். எந்தப் பெட்டியின் எண்ணும் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான்.